எரித்த முருகைக்கல் கொப்பி

சிவமயம்

கண்டி,
12.07.1998

அன்பு மகள் நளாயினிக்கு,

அம்மா எழுதுவது. பிள்ளையாரின் காவலில் நானும் அப்பாவும் கை கால் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தத் தூர ஊரில் வேளைக்குச் சாப்பிட்டு நோய் நொடி இல்லாமல் இருக்கிறாய் என்ற சேதியை உன் கையெழுத்திலேயே படிக்க வேண்டும் என்று வெள்ளிக்கு வெள்ளி விளக்கேற்றி நிற்கிறேன். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் பென்சன் எடுக்கப் போகிற நாளில் பேக்கரிப் பக்கம் போவதை இன்னும் விடவில்லை, போன கிழமை சட்டைப் பைக்குள் சீனி பணிஸின் துகள் இருந்தது, கேட்டால் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சாப்பிட்டதாம், அது பறந்து வந்து விழுந்ததாம். வைகாசி தொடக்கம் மழை விடாமல் கொட்டிப் பின்சுவர் பொருமி நிற்கிறது. கறிவேப்பிலை மரம் மட்டும் இந்த ஈரத்தைக் கண்டு கூத்தாடுகிறது.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். அது கிடைத்து ஐந்து கிழமைக்கு மேல் ஆகிறது. பதில் போடாமல் இருந்ததற்கு வருத்தம் ஒன்றும் காரணம் இல்லை பிள்ளை, நீ கேட்டதுதான் காரணம். அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போன நீல மட்டைக் கொப்பியைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லியிருந்தாய். இந்த வருடம் கடல் சூடாகி உலகம் முழுக்கக் கடலடிப் பவள முருகைக்கல் வெளுத்துப்போகிறது, நிலாவெளிக் கடலில் முன்பு எவ்வளவு உயிரோடு இருந்தது என்று சொல்ல அந்தக் கொப்பியைத் தவிர வேறு எழுத்தே இல்லை, அது கிடைத்தால் என் ஆராய்ச்சிப் படிப்பு தொடரும், இல்லாவிட்டால் இதை விட்டுவிட்டு மேசையில் இருந்து எழுதுகிற ஏதாவது கந்தோர் வேலைக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். ஒளிக்காமல் சொல்கிறேன், அந்தக் கொப்பி இல்லை. நான்தான் எரித்தேன்.

தை மாதம் தலதா மாளிகைப் பக்கம் குண்டு வெடித்த மறுநாள் அது. ஆமியும் பொலிசும் தமிழ் வீடுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு வருகிறார்கள் என்று மேல் வீட்டில் இருந்து வந்து சொன்னார்கள். நான் குசினித் தரையில் இருந்து உன் கொப்பியைத் திறந்தேன். திருகோணமலைக் கரை, புறாமலைத் தீவு, அம்புக்குறி, எத்தனை அடி ஆழம் என்று எண் எண்ணாக எழுதி வைத்திருந்தாய். படித்தவளுக்கு அது முருகைக்கல் கணக்கு. அன்றைக்குப் பயந்துபோய் இருந்தவளுக்கு அது ஒரு தமிழ்ப் பிள்ளை கீறிய துறைமுகப் பக்கத்து வரைபடம். அதற்காகத்தானே நீயும் அதை விமான நிலையத்தால் கொண்டுபோகப் பயந்து இங்கே விட்டுப் போனாய். அடுப்புக்குள் வைத்தேன். கொப்பி மட்டும் இல்லை, நிலாவெளியில் இருந்து நீ அனுப்பிய போஸ்காட்டுகள், படகில் நீ நிற்கிற படம், எல்லாவற்றையும் வைத்தேன். பின்நேரம் நாலு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். அடையாள அட்டை பார்த்தார்கள், ஒருவர் தண்ணீர் கேட்டார், குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அலுமாரிக் கதவில் கைகூட வைக்கவில்லை. அந்தச் சாம்பலால் பாத்திரம் தேய்க்க எனக்கு மனம் வரவில்லை, ரோசாச் செடியின் அடியில் போட்டேன்.

மன்னிப்புக் கேட்டு இன்னும் நாலு பக்கம் எழுதலாம், அது உன் வேலைக்கு உதவாது. உன் கடிதம் வந்த அன்று சாமி அறையில் இருந்து அழுதேன், அழுது முடிய எழும்பி முகம் கழுவிக்கொண்டு தகரப் பெட்டியை இழுத்தேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், ஆனால் வீட்டுக்கு வருகிற எதையும் எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. நீயும் அப்பாவும் அதை எவ்வளவு கேலி செய்திருப்பீர்கள், அம்மா மழையைக்கூடப் பற்று எழுதி வைக்கிறாள் என்று. தொண்ணூற்றைந்தாம் ஆண்டுக் கொப்பியை எடுத்துப் பங்குனி மாதத்தைத் திறந்தேன். தேங்காய்க்கும் மண்ணெண்ணெய்க்கும் நடுவில் என் கையெழுத்து இருக்கிறது, நளாயினியின் கணக்கு, முதலாம் கயிறு நூறில் அறுபத்திரண்டு உயிர், இரண்டாம் கயிறு ஐம்பத்தெட்டு, மூன்றாம் கயிறு எழுபத்தொன்று, தண்ணீர்ச் சூடு இருபத்தெட்டு. முருகைக்கு மேல் கயிறு விரித்து, அதன் நூறு முடிச்சில் எத்தனைக்குக் கீழே உயிர் இருக்கிறது என்று நீ எண்ணிய கணக்கு அது. சோதனைச் சாவடியில் கொப்பியைப் பறித்தாலும் எண் மிஞ்சட்டும் என்று நீ கிழமைக்கொரு போஸ்காட் போட்டாயே, வந்த அன்றே அதைப் பார்த்து எழுதியிருக்கிறேன். கிழமைக்கு ஓர் இடமாக ஆறு கிழமை இருக்கிறது. ஏழாம் கிழமைப் போஸ்காட் வரவில்லை, சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கி நீ கொப்பியும் கையுமாக ஓடி வந்தாய். அந்த ஏழாம் கிழமை கொப்பியோடு போய்விட்டது.

எண் கிடைத்துவிட்டது என்று அப்பாவிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எண்ணை வைச்சு என்ன செய்யப்போறீர், எந்த இடத்து எண் எண்டு தெரியாமல் அது வெறும் எண்தானே எண்டார். நிலஅளவைத் திணைக்களத்தில் முப்பது வருடம் கோடு இழுத்த மனிதர், அவர் சொன்னது சரிதான். இடம் எல்லாம் கொப்பியில் நீ கீறிய படத்தில்தான் இருந்தது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. விடிய எழும்பி அக்குறணைக்கு பஸ் ஏறினேன். உன்னைப் படகில் கொண்டுபோன அஸீமின் மனைவி றம்லத்தின் அக்கா பஸீஹா அங்கே இருக்கிறாள் அல்லவா, நீ ஒருமுறை கருவாட்டுப் பொதியோடு வந்து இறங்கியது அவளுடைய வீட்டில்தானே. விசயத்தைச் சொன்னேன், கொப்பியை எரித்ததையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து, என்னத்துக்கும்மா வெக்கப்படுற, அண்டைக்கு நாங்களும் கதவப் பூட்டிட்டுத்தான் இருந்த என்றாள். நிலாவெளிக்குப் போகிற லொறிக்காரரிடம் என் கடிதத்தைக் கொடுத்து அனுப்பினாள்.

பதினொரு நாளில் அஸீமின் பதில் வந்தது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன், நான் எழுதினால் அந்தச் சுவை வராது. அம்மா கவலப்படாதீங்க, கொப்பி எரிஞ்சா என்ன, கடல் எரியல்லயே, தங்கச்சி கயிறு போட்ட எடமெல்லாம் என்ட கண்ணுக்குள்ள கிடக்கு என்று தொடங்கியிருக்கிறார். மீன்பிடிக்கிறவர்கள் கடலில் ஓர் இடத்தைத் திரும்பப் பிடிக்கிற முறை எனக்கு அதுவரை தெரியாது. தூரத்தில் இருக்கிற ஒன்றையும் கிட்ட இருக்கிற ஒன்றையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பார்களாம், பிறகு பக்கவாட்டில் இன்னும் இரண்டை அப்படியே வைத்துப் பார்ப்பார்களாம், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் படகை நிறுத்துவார்களாம். முதலாம் இடத்துக்கு, புறாமலைட வடக்குப் பக்கத்து மொட்டைப் பாறையும் கரையில பள்ளிவாசல் மினாராவும் ஒண்டா வரணும், வலப்பக்கம் பாத்தா இரட்டைப் பனை பழைய ஹோட்டல் கூரைக்கு மேல நிக்கணும், அங்க நிண்டு கீழ பாருங்க என்று எழுதியிருக்கிறார். இப்படி ஏழு இடமும் இருக்கிறது. கவனி, ஆறு இல்லை, ஏழு.

அதோடு அவர் எழுதிய மற்றதையும் கேள். இந்த வருடம் சித்திரை வைகாசியில் தண்ணி காலுக்குச் சுட்டது, சில கல்லு உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாப் போச்சு, நாங்க பயந்துட்டோம், ஆனா தங்கச்சிட கல்லுல முக்காவாசி இன்னும் நெறமாத்தான் இருக்கு, மீனும் நிக்குது, நேவிக்காரன் விடுற நேரத்துல மட்டும் போய்ப் பாத்துட்டு வாறன் என்கிறார். நங்கூரக் கல்லை முருகைக்கு மேலே போட வேண்டாம் என்று நீ சொல்லிக் கொடுத்ததை இன்றைக்கும் விடவில்லையாம், மணலில் மட்டும் போடுகிறாராம், மற்றப் படகுக்காரர் சிரித்தார்களாம், இப்போது அவர்களிலும் மூன்று பேர் அப்படித்தானாம். ஒரு ஆள் என்ன செய்ய முடியும் என்று எனக்கு எழுதியிருந்தாயே, நீ செய்ததன் கணக்கு மூன்று வருடம் கழித்து லொறியில் ஏறி அக்குறணை வழியாக வந்து சேர்ந்திருக்கிறது.

அந்தக் கடிதத்தையும் என் கொப்பியையும் மேசையில் விரித்து வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டு இருந்த அன்றே திரும்பவும் தேடுதல் வந்தது. அப்பா வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டதும், மூடும், மூடும், உள்ளுக்குக் கொண்டு போம் என்று வாய்க்குள் சொல்கிறார். என் கை தன் பாட்டில் கொப்பிக்குப் போனது. போன கையை மேசையிலேயே வைத்துக்கொண்டேன். ஒருமுறை எரித்தது போதும் முருகா, இனி எது வந்தாலும் விரித்தபடி இருக்கட்டும் என்று கதிரையை விட்டு எழும்பவில்லை. வந்தவர்களில் இளையவர் கொப்பியைக் குனிந்து பார்த்து, இது என்ன கணக்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில், இது ஹிரிகல், முருகைக்கல், என் மகள் கடலுக்குள் போய் எண்ணியது, கடல் சூடாகிச் சாகிறது, எவ்வளவு இருந்தது என்று யாராவது எழுதி வைக்க வேண்டாமா, வேண்டுமென்றால் எல்லாப் பக்கத்தையும் பாருங்கள், அரிசி பருப்பும் இருக்கிறது என்றேன். அந்தப் பிள்ளை இரண்டு பக்கத்தைப் புரட்டிவிட்டு, அப்பே பெத்தே ஒக்கோம சுது வெலா, அம்மே என்றார். தங்கள் பக்கத்தில் எல்லாமே வெளுத்துப்போய்விட்டதாம். தென்கரையில் கடலோர ஊர்க்காரர், போன லீவில் போனபோது கண்டாராம், அவருடைய தகப்பன் அடியில் கண்ணாடி போட்ட படகில் ஆட்களை ஏற்றிக் காட்டுகிறவராம், இப்போது காட்ட ஒன்றும் இல்லையாம். பெரியவர் போவோம் என்று கூப்பிட்டார். இளையவர் வாசலில் நின்று திரும்பி, உங்கள் மகளின் இடத்தில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் படி இறங்கியதும் அப்பா என்னோடு சண்டைக்கு வந்தார், உமக்கு விசரே, திருகோணமலைக் கடிதத்தை மேசையில வைச்சுக்கொண்டு கதை சொல்லுறீர் எண்டு. சண்டை முடிய உள்ளே போய்த் தன் பழைய வரைபலகையைத் தூசி தட்டி எடுத்து வந்தார். மூன்று நாள் இருந்து அஸீம் சொன்ன கோடுகளை இழுத்து ஏழு இடத்தையும் படத்தில் குறித்திருக்கிறார். பாறையும் பனையும் மினாராவும் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. கடைசியில் தாளின் கீழே தன் முழுப்பெயர், பழைய உத்தியோகம், வீட்டு முகவரி எல்லாம் எழுதி ஒப்பமும் வைத்தார். இது என்னத்துக்கு எண்டு கேட்டேன். களவாய்க் கீறினால்தானே பேர் போடாமல் விட வேணும் எண்டார். அதனால் இந்தப் பொதியை ஒளித்து அனுப்பவில்லை பிள்ளை. உறையின் மேலே மூன்று மொழியிலும் முருகைக்கல் கணக்கு என்று பெரிதாக எழுதிப் பதிவுத் தபாலில் போடப் போகிறேன். பிரித்துப் பார்க்கிறவர்களும் நாலு விசயம் அறிந்துகொள்ளட்டும்.

அங்கே நம் ஆட்கள் உன்னிடம், ஊர் எரியேக்கை நீ கல்லு எண்ணுறியோ எண்டு கேட்டதாகவும், உனக்குப் பதில் வரவில்லை என்றும் எழுதியிருந்தாய். என்னிடம் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். முருகைக்கல் உண்மையில் கல் இல்லை, சின்னப் பிராணி, அதன் உடம்புக்குள்ளே குடியிருக்கிற கண்ணுக்குத் தெரியாத பாசிதான் அதற்குச் சோறும் நிறமும் கொடுக்கிறது, கடல் ஒன்றிரண்டு பாகை கூடிச் சில கிழமை அப்படியே நின்றால் அந்தப் பிராணி தன்னைச் சாப்பிட வைக்கிறவர்களையே வெளியே தள்ளிவிடுகிறது, வெளுத்துப் பட்டினி கிடக்கிறது, சூடு தணிந்தால் போனவை திரும்பி வரும், தணியாவிட்டால் சாகும் என்று நீ விளக்கி எழுதியதை நான் இரண்டு தரம் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு எண்பத்திமூன்று ஆடிக் கலவரம்தான் நினைவுக்கு வந்தது. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. ஊருக்குச் சூடு ஏறியது, தனக்குக் கடை வைத்து அரிசி பருப்பு நிறுத்துக் கொடுத்தவர்களையே துரத்தியது, அடுத்த கிழமை துரத்தியவர்களே ஒரு இறாத்தல் பருப்புக்கு எரிந்த கடை வாசலில் வரிசையில் நின்றார்கள். நாங்கள் முகாமில் பதினொரு நாள் இருந்தோம், பன்னிரண்டாம் நாள் விளக்குமாற்றோடு திரும்பி வந்து கண்ணாடித் துண்டு கூட்டினோம். ஆகவே ஊர் வேறு கடல் வேறு என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். எரிகிற ஊரில் எது மிஞ்சியிருக்கிறது என்று எண்ணி எழுதி வைக்க ஒருத்தி வேண்டும். அவள் என் மகளாக இருக்கிறாள். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களுக்கு இதைச் சொல், அம்மா சொன்னாள் என்றே சொல்.

இங்கே நான் சும்மா இருக்கவில்லை. ஆடி பிறக்க முன்னம் கோயிலுக்கு வெள்ளை அடிக்க வேண்டி இருந்தது. தென்கரையில் முருகைக்கல்லைச் சுட்ட சுண்ணாம்புதான் நல்ல வெள்ளை என்று அதை எடுக்க இருந்தார்கள். கூட்டத்தில் எழும்பி நின்று, சாமியின் மேனி பவளம் என்று ஒவ்வொரு நாளும் கைகூப்பிப் பாடிவிட்டு, அந்தப் பவளப் புற்றைச் சுட்டுச் சாமியின் சுவருக்கே பூசுவீர்களோ என்று கேட்டேன். பாட்டில் வருகிற பவளம் வேறு, இது வேறு என்று நீ சொல்லுவாய், எனக்குத் தெரியும், ஆனால் அதை அங்கே நான் வாய் திறந்து சொல்லவில்லை. தலைவர் அம்பிகைபாகன், அக்கா, நாடு கிடக்கிற கிடையில நீங்கள் சுண்ணாம்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள் எண்டார். கலஹாவில் இருந்து வருகிற மேசன் இராமையாவும் சேர்ந்துகொண்டு, சுண்ணாம்புல என்னம்மா இருக்கு, வெள்ளையா இருந்தா சாமி வேணாம்னா சொல்லப்போவுது என்றான். நான் உட்காரவில்லை. கடைசியில் திகனைப் பக்கத்து மலைக்கல் சுண்ணாம்பு எடுத்தார்கள், இரண்டு பூச்சுக்குப் பதில் மூன்று தேவைப்பட்டது, மூன்றாம் பூச்சுக்கு நானும் வாளி தூக்கினேன். முடிந்ததும் இராமையா சுவரைத் தட்டிப் பார்த்து, புடிப்பு நல்லாத்தாம்மா இருக்கு, மழைக்கு நிக்கும் என்றான். நம் கண்ணாடி அலுமாரியில் கல்யாணப் பரிசாக வந்த முருகைக் கிளை ஒன்று இருந்ததே, அதற்குப் பக்கத்தில் இது ஒருகாலத்தில் உயிர் என்று எழுதி வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் கேட்கிறார்கள், கேட்டால் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் மழை பெய்யாமல் மகாவலி வற்றிய நாள் தொட்டு கரண்டுக்கும் எண்ணெய் எரிக்கிறார்கள் என்று பேப்பரில் படித்ததில் இருந்து மீற்றரை மாதம் மாதம் பார்த்து எழுதுகிறேன், எழுபது அலகில் இருந்து நாற்பத்தாறுக்கு வந்திருக்கிறோம், அப்பா வானொலிச் செய்தியில் மட்டும் கை வைக்காதேயும் என்கிறார். எங்கள் வீட்டு நாற்பத்தாறு அலகால் கடல் குளிராது என்று எனக்குத் தெரியும் மகள். பெரிய புகை விடுவது நீ இருப்பதைப் போன்ற நாடுகள்தான், ஆளுக்கு ஒரு காராம், போகிற இடமெல்லாம் குளிரூட்டியாம். நீ சைக்கிளை விடாதே. அதைவிட முக்கியம், வாயை மூடிக்கொண்டு இராதே. அங்கே வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கடலைப் பற்றிக் கேள், பேப்பருக்கு எழுது, உன் பேராசிரியர் எழுதட்டும் என்று காத்திருக்காதே. சின்னது செய்தவளுக்குத்தான் பெரிதைக் கேட்க நாக்கு எழும்பும்.

இந்தப் பொதியில் ஆறு கிழமையின் எண்ணும் ஆறு தாளில் இருக்கிறது, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சரிபார்த்தேன். மூன்றாம் கிழமையில் ஓர் எண் மை ஊறி எட்டா மூன்றா என்று தெரியவில்லை, தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறேன், நீயும் ஊகித்து நிரப்பாதே. அப்பாவின் படமும் அஸீமின் கடிதத்தின் பிரதியும் உண்டு. என் மூலக் கொப்பி இங்கே தகரப் பெட்டியில் இருக்கிறது, அதை நான் இனி எந்தத் தேடுதலுக்கும் அசைக்கப் போவதில்லை. கந்தோர் வேலை பற்றி இனி ஒரு வரியும் எழுதாதே, அதற்குப் பதில் எழுத எனக்கு நேரம் இல்லை.

சனிக்கிழமையில் எண்ணெய் வைத்து முழுகு, கடலில் முழுகுவது கணக்கில் வராது. அஸீமுக்கு உன் கையால் நாலு வரி எழுது, றம்லத்துக்கு மூன்றாவது பிள்ளை பிறந்திருக்கிறது. கந்தசாமி உன்னைத் தண்ணீரிலும் தரையிலும் காக்கட்டும், நீ எடுத்த காரியம் உன் கையிலேயே முடியட்டும், அம்மாவும் அப்பாவும் உச்சியில் கை வைத்துச் சொல்கிற ஆசீர்வாதம் இது.

மறக்காதே, பொதியில் ஏழாவதாக ஒரு தாள் இருக்கும். மேலே ஏழாம் கிழமை என்று தலைப்பும், இடப்பக்கத்தில் அஸீம் சொன்ன அடையாளமும், முதலாம் கயிறு, இரண்டாம் கயிறு, மூன்றாம் கயிறு என்று வரியும் போட்டு, எண்ணுகிற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். தவறவிட்டேன் என்று நினைக்காதே. சண்டை நிற்கிற வருடம் நீ வந்து, அந்த அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்து, கீழே இறங்கி எண்ணி அதை நிரப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா,
யோ. மங்களேஸ்வரி